ரெண்டு காலும் ஒரே கம்பில்

எங்கள் வீட்டுக் கூடத்தின் கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஏழடி உயரத்துக்கு, ஓரடி அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை இருக்கிறது. சுற்றிலும் வெளிறிப்போன கிரீம் நிறச் சுவர். நடுவில் இந்தப் பட்டை மட்டும் எனாமல் பெயின்டில் மினுமினுக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், "இதென்னங்க, வாஸ்துவுக்கா?" என்று கேட்பதுண்டு. அப்பா சிரித்துக்கொள்வார். ஒரு பொம்மை ஏறுவதற்காக அவர் போட்டுக் கொடுத்த பாதை அது. இருபத்தேழு வருடம் கழித்து அவர் பிரஷ்ஷைக் கையில் எடுத்தது அதற்காகத்தான்.

கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் கம்ப்ரஸர் பராமரிப்பு எனக்கு வேலை. காற்றை வைத்துத்தான் பிழைப்பு. ஆறு, ஏழு பார் அழுத்தத்தில் ஓடும் குழாய்களுக்கு நடுவில் நாள் முழுக்க நடந்து, எங்கே 'உஸ்' என்று கசிகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிகிறவன். வீட்டுக்கு வந்தால் குக்கர் விசிலைக் கேட்டாலும் கை தானாக ஸ்பேனரைத் தேடும்.

2022 கடைசியில், ஊரில் பிள்ளைகளுக்கு ரோபோ வகுப்பு நடத்திவந்த ஒருவர் கடையைக் கட்டினார். தெரிந்தவர் மூலம் சேதி வந்தது. எடைக்குப் போடாத குறையாக லெகோ பெட்டிகளை விற்றுக்கொண்டிருந்தார். புதிதாக வாங்குவதென்றால் என் மாதச் சம்பளம் போய்விடும். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கென்று சொல்லி இரண்டு இவி3 பெட்டிகளை வாங்கினேன். கூடவே நியூமேட்டிக்ஸ் என்று எழுதியிருந்த மூன்று சின்னப் பெட்டிகள். அவற்றைத் திறந்ததும் எனக்கே கை நடுங்கியது. விரல் நீளத்துக்கு இரட்டை வழிச் சிலிண்டர்கள், நெம்புகோல் வைத்த வால்வுகள், காற்றுத் தொட்டி, கையால் அமுக்கும் பம்பு, ஒரு குட்டி அழுத்தமானி. நான் பட்டறையில் தினமும் கட்டி அழுகிற சாமான்கள் அத்தனையும் உள்ளங்கை அளவில்.

லெகோ டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரிலிருந்து வருவது. ஒரு தச்சர் தொடங்கிய மரப்பொம்மைப் பட்டறை. இன்றைக்கு நாம் பார்க்கும் கட்டைக்கு 1958இல் காப்புரிமை பெற்றார்கள். காற்றில் இயங்கும் பாகங்கள் 1984இல் வந்தன. முதலில் வந்த சிலிண்டருக்கு ஒரே வாய்தான். அழுத்தக் காற்று தள்ளும். திரும்ப இழுப்பதற்கு வெற்றிடம். 1989இல் இரண்டு வாய் வைத்த சிலிண்டர் வந்தபோது வெற்றிடத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது, பின்னால்.

"அப்பா, பல்லி மாதிரி சுவத்துல ஏர்ற ஒண்ணு செய்யலாமா?" என்று மகள் கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "கார் செய்யலாமே, கிரேன் செய்யலாமே" என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். அவள் விடவில்லை. கட்டிலில் படுத்திருந்த அப்பா புரண்டு எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

*

அப்பா பெயின்டர். வெள்ளையடிப்பில் தொடங்கி, டிஸ்டம்பர், சிமென்ட் பெயின்ட், எமல்ஷன் என்று எல்லாக் காலத்தையும் பார்த்தவர். ஊரில் அடுக்குமாடிகள் எழும்ப ஆரம்பித்த நாட்களில் சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, அதன்மேல் நின்று வெளிச்சுவர் அடிப்பார்கள். இடுப்பில் பெல்ட்டு, தலைக்கு ஹெல்மெட் எல்லாம் அப்போது கிடையாது. தலையில் கட்டிய துண்டுதான்.

1996இல் எனக்குப் பதினோரு வயது. பள்ளி விடுமுறை. அம்மா கொடுத்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கீழே நின்று "அப்பா!" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் திரும்பினார். அடுத்து நான் பார்த்தது மணல் குவியலின் ஓரத்தில் அவர் கிடந்ததை.

மணல் இல்லையென்றால் ஆளே இல்லை என்றார்கள். வலது தொடையில் தகடு வைத்தார்கள். நடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. காண்டிராக்டர் ஒருமுறை வந்து கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுப் போனார், அப்புறம் வரவில்லை. அம்மா மில்லுக்குப் போக ஆரம்பித்தாள். நான் டிப்ளமோ முடித்ததும் வேலைக்குப் போனேன். இவ்வளவுதான் கதை.

நான் கூப்பிட்டேன், அவர் திரும்பினார், விழுந்தார் என்பதை யாரிடமும் நான் சொன்னதில்லை. கல்யாணமாகி மனைவியிடம்கூட. அப்பாவும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை. எங்களுக்கு நடுவில் அது சுவர் மாதிரி நின்றது. இருட்டில் கைபட்டுத் தெரியும். வெளிச்சத்தில் இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்க மாட்டோம்.

*

பல்லியைப் போலச் செய்வது நம்மால் ஆகாது. அதன் பாதத்தில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுவரை அவ்வளவு நெருக்கமாகத் தொடுவதால் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பே அதைப் பிடித்துக்கொள்கிறது. பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. தானாஜியின் ஆட்கள் உடும்பைக் கயிற்றில் கட்டி சிங்ககட் கோட்டை ஏறினார்கள் என்று மராட்டியத்தில் ஒரு கதை உண்டு. நாமும் உடும்புப்பிடி என்கிறோம். ஆனால் உடும்பு பிடித்தால் விடாது. ஏறுகிறவனுக்குப் பிடிக்கவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும்.

எங்களால் முடிந்தது உறிஞ்சுவது. அட்டைப்பெட்டிகளைத் தூக்கி வைக்கும் இயந்திரங்களில் ரப்பர் சக்‌ஷன் கப்புகள் இருக்கும். மடிப்பு மடிப்பாக, துருத்தி மாதிரி. எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த பேக்கிங் யூனிட்டில் கழித்துப் போட்டதில் நல்லதாக ஆறு பொறுக்கினேன். குறுக்களவு 4 சென்டிமீட்டர்.

மகளுக்குக் கணக்கைச் சொன்னேன். கப் சுவரை இழுப்பதில்லை. உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட்டால் வெளியே இருக்கும் காற்று அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. வளிமண்டலத்தின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. பாதிக் காற்றை எடுத்தால் அரைக் கிலோ. எங்கள் கப்பின் பரப்பு பன்னிரண்டரை சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு கப்புக்கு ஆறு கிலோ.

"ஆறு கப்புக்கு முப்பத்தாறு கிலோவா? என்னையே தூக்கிரும்!" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு பேரும் ஏமாந்தோம்.

காற்றை உறிஞ்ச ஒரு சாதாரண லெகோ சிலிண்டரை மோட்டாரால் முன்னும் பின்னும் ஓட்டினோம். மீன் தொட்டிக் கடையில் விற்கும் செக் வால்வுகளை, காற்று வெளியே போக மட்டும் வழிவிடும்படி கோத்தோம். முதல் நாள் வெற்றிடம் ஏறவே இல்லை. சிலிண்டருக்கும் செக் வால்வுக்கும் நடுவில் ஒரு சாண் குழாய் விட்டிருந்தேன். பம்பு ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அந்தக் குழாயில் மிச்சமிருக்கும் காற்று, இழுக்கும்போது விரிந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. பட்டறையில் பெரிய பம்புகளுக்கு இதை நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். குழாயை விரலகலத்துக்கு வெட்டியதும் பாதி வளிமண்டலம் வரை இறங்கியது.

பொறி இரண்டு சட்டங்கள் கொண்டது. வெளிச் சட்டத்தில் மூன்று கப். உள் சட்டத்தில் மூன்று. வெளிச் சட்டம் பிடித்திருக்கும்போது உள் சட்டம் சுவரிலிருந்து விலகி, ஒரு சிலிண்டரின் வீச்சளவு, சுமார் 3 சென்டிமீட்டர் மேலே போய், மறுபடி சுவரில் ஒட்டிப் பிடிக்கும். பிறகு வெளிச் சட்டம் விட்டுவிட்டு மேலே வரும். மரம் ஏறுகிறவர் கையும் காலும் மாற்றி மாற்றி ஏறுவதைப் போலத்தான்.

பீரோவின் பக்கவாட்டில் ஒட்டவைத்தோம். நின்றது. மகள் கைதட்டினாள். கூடத்துச் சுவரில் வைத்தோம். கையை எடுத்ததும் வழுக்கிக்கொண்டே இறங்கித் தரைக்கு வந்துவிட்டது.

அப்பா கட்டிலை விட்டு எழுந்து, கம்பை ஊன்றி வந்தார். சுவரில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலை எங்களிடம் காட்டினார். வெள்ளையாகத் தூள்.

"பழைய டிஸ்டம்பர். மேல பூத்துக் கிடக்குது. இதுல எது நிக்கும்?"

உள்ளிழுக்கும் விசை ஆறு கிலோ இருக்கலாம். ஆனால் பொறி கீழே வழுக்காமல் நிற்பது உராய்வினால். தூள் படிந்த சுவரில் உராய்வு எங்கிருந்து வரும்? நான் போட்ட கணக்கில் அந்தப் பாதியே இல்லை.

அப்பா பொறியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். கன்ட்ரோலர், மோட்டார், பம்பு எல்லாவற்றையும் அதன் முதுகிலேயே ஏற்றியிருந்தோம். ஒரு கிலோவுக்கு மேல்.

"இவ்வளவு மூட்டையை முதுகுல கட்டிக்கிட்டா ஏறுவாங்க? வயிறு சுவத்தோட ஒட்டி இருக்கோணும் அம்முணி. முதுகுல பாரம் இருந்தா மேல் கை முதல்ல விட்டுப்போகும்."

எந்திரவியலில் இதைத் திருப்புவிசை என்பார்கள். எடையின் மையம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு மேல்கப் சுவரிலிருந்து பிய்க்கப்படும். எங்கள் பொறியில் மையம் சுவரிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. மேல்கப்புக்கும் கீழ்கப்புக்கும் இடைவெளி 16. எடையின் முக்கால் பங்கு மேல்கப்புகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்ததை அவர் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிட்டார்.

*

இரண்டாவது பொறியில் முதுகுமூட்டையை இறக்கிவிட்டோம். கன்ட்ரோலர், பம்பு, வால்வுகள், அவற்றைத் திருப்பும் மோட்டார்கள் எல்லாம் தரையில். மேலே போவது சட்டங்களும் சிலிண்டர்களும் கப்புகளும் மட்டும். நடுவில் ஆறு குழாய்கள். எடை அரைக் கிலோவுக்கும் கீழே வந்தது. வயிறும் சுவரோடு ஒட்டியது.

சுவருக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பட்டி ஒரு கிலோ, பிரைமர், எனாமல் அரை லிட்டர், உப்புத்தாள் இரண்டு நம்பர். "பச்சை வாங்கு," என்றார். ஏன் பச்சை என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினார். பழைய பூச்சைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பட்டி இழுத்தார். காய்ந்ததும் உப்புத்தாள். மறுபடி பட்டி. மறுபடி உப்புத்தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்து, "இங்க ஒரு மேடு," என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. இடுப்பளவுக்கு மேல் போனதும் ஸ்டூல் வேண்டியிருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அவர் வலது காலை ஸ்டூலில் வைக்கும் முன் என் தோளில் கையை ஊன்றினார். இரண்டு பேரும் பேசவில்லை. உச்சிக்கு மட்டும் என்னை ஏறச் சொல்லிக் கீழிருந்து ஏவினார்.

எனாமல் காய இரண்டு நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பொறியை வைத்தோம். ஏறியது. ஒரு எட்டுக்கு இருபது விநாடி, 3 சென்டிமீட்டர். மோட்டார் சத்தம், வால்வு திரும்பும்போது ஒரு 'டிக்', காற்று வெளியேறும் 'ப்ஸ்'. மகள் தரையில் உட்கார்ந்து எட்டுகளை எண்ணினாள். முப்பத்தொன்பது, நாற்பது. நாலடி தாண்டியிருக்கும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஆறு கப்பும் ஒரே சமயத்தில் விட்டன. பொறி தரையில் விழுந்து சிதறியது.

லெகோவில் ஒரு நல்லது உண்டு. விழுந்தால் உடையாது, கோத்த இடத்தில் கழன்றுகொள்ளும். கட்டிலுக்கு அடியில், ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் எல்லாம் தேடிப் பொறுக்கினோம். மகள் அழுகிற நிலையில் இருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நாலடிக்கு மேல், எனாமலுக்கு உள்ளே, மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது. பழைய பூச்சில் இருந்தது, பட்டியையும் மீறி வெளியே வந்திருந்தது.

"ஒரு கப்புதானப்பா அது மேல வந்திருக்கும்? மீதி அஞ்சும் ஏன் விட்டுச்சு?" என்று கேட்டாள்.

நான் பதில் யோசிக்கும் முன் அப்பா கேட்டார். "ஏங்கண்ணு, இந்தக் குழாயெல்லாம் எங்க போய்ச் சேருது?"

அவள் தரையிலிருந்த காற்றுத் தொட்டியைக் காட்டினாள். அதிலிருந்துதான் இரண்டு சட்டங்களுக்கும் வெற்றிடம் போகிறது.

"ரெண்டும் இந்த ஒரே டப்பாவுலயா?"

"ஆமா தாத்தா."

"அப்ப ஆறு கை எங்க? ஒரே கைதான இருக்குது."

நான் அவரைப் பார்த்தேன். விரிசலின் மேல் வந்த கப் வழியாகக் காற்று உள்ளே புகுந்திருக்கிறது. தொட்டியின் வெற்றிடம் போயிருக்கிறது. தொட்டி போனதும், அதுவரை சரியாகப் பிடித்திருந்த வெளிச் சட்டத்தின் மூன்று கப்பும் போயிருக்கின்றன. காற்றிலேயே இருபது வருடம் பிழைத்தவன் இதைப் பார்க்கவில்லை.

அப்பா கையிலிருந்த ஒரு மஞ்சள் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார். "அன்னைக்கு நானும் அதத்தான் செஞ்சேன். ரெண்டு காலும் ஒரே கம்புல. எப்பவும் ஒரு கால் இந்தக் கம்புல, ஒரு கால் அந்தக் கம்புல வெச்சுத்தான் நிப்பேன். எங்க மேஸ்திரி மொத நாளே சொல்லிக்குடுத்தது. அன்னைக்கு மூலை எட்டல. சரி, ஒரு நிமிசந்தானேன்னு ரெண்டையும் தூக்கி ஒரே கம்புல வெச்சுப்போட்டேன். அந்தக் கம்போட முடிச்சு நெகிழ்ந்து கெடந்தது."

கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் கூப்பிட்டேனுங்கப்பா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கூப்பிட்ட. திரும்பினேன். இல்லைன்னு சொல்லல." கட்டையை மகளின் கையில் கொடுத்தார். "திரும்பினா ஆள் விழுவானா? தெனம் நூறு தடவை திரும்பறதுதான். ஒரு கால் வேற கம்புல இருந்திருந்தா திரும்பிப் பாத்து, சோத்தை வெச்சுட்டுப் போடான்னு சொல்லிருப்பேன்."

அவ்வளவுதான் பேசினார். என்னைத் தேற்றச் சொன்னாரா, நடந்ததே அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. தேற்றுகிற குரல் அதில் இல்லை. வேலையில் செய்த தப்பை இன்னொரு வேலைக்காரனிடம் சொல்லும் குரல்தான் இருந்தது. அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. எதிரே சுவரில் பல்லி ஒன்று விளக்கடியில் அசையாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

*

டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஷிகியோ ஹிரோஸேயின் குழுவினர் 1990களில் 'நின்ஜா' என்ற சுவரேறும் பொறியைச் செய்தார்கள். அதன் பாதத்தில் உறிஞ்சும் பகுதியைப் பல சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் தனி வால்வு வைத்திருந்தார்கள். விரிசலின் மேல் வரும் அறை தானே மூடிக்கொள்ளும், மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும். இதை நான் படித்தது பின்னால்தான். படித்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அங்கயும் மேஸ்திரி இருப்பாங்கல்ல," என்றார்.

எங்களால் அவ்வளவு முடியாது. இரண்டு சட்டங்களுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிச் செக் வால்வு வைத்தோம். ஒன்றில் கசிந்தாலும் மற்றொன்று தன் வெற்றிடத்தைத் தானே வைத்திருக்கும்.

இன்னொரு தப்பும் இருந்தது. பொறி இதுவரை நேரத்தை நம்பி ஏறியது. மூன்று விநாடி உறிஞ்சு, பிறகு அடுத்த சட்டத்தை விடு. பிடித்ததா இல்லையா என்று அது பார்க்கவே இல்லை. லெகோ கட்டுகிறவர்களிடம் ஒரு பழைய உத்தி உண்டு. ஒரு சிலிண்டரை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டி வைப்பார்கள். தொட்டியில் அழுத்தம் ஏறியதும் சிலிண்டர் ரப்பரை மீறி நீண்டு, சுவிட்சைத் தட்டி, பம்பை நிறுத்தும். நாங்கள் அதைத் தலைகீழாக்கினோம். ரப்பர் பேண்ட் சிலிண்டரை நீட்டிவைத்திருக்கும். கப்பில் நல்ல வெற்றிடம் ஏறினால்தான் சிலிண்டர் உள்ளே இழுபட்டுத் தொடு உணரியை அமுக்கும். அமுக்கினால் மட்டும் அடுத்த சட்டம் விடும். பத்து விநாடிக்குள் அமுக்காவிட்டால் அந்தக் குழாயை மூடிவிட்டு அப்படியே நிற்க வேண்டும். நிரலை மகள்தான் எழுதினாள். ரப்பர் பேண்ட் எத்தனை சுற்று என்று பார்த்துச் சரிசெய்தது அப்பா. இரண்டு சுற்று போதவில்லை; மூன்று சுற்று.

விரிசலைப் பட்டி வைத்து மூடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "இருக்கட்டும். சுவருன்னா விரிசல் இருக்கும்," என்றார்.

அடுத்த வாரம் மறுபடி ஏறவிட்டோம். மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதாவது எட்டில் உள் சட்டம் விரிசலின் மேல் போய் அழுத்தியது. 'உஸ்' என்ற சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டிருக்கும். தரையிலிருந்த சின்னச் சிலிண்டர் பாதிவரை உள்ளே போய், திரும்ப வெளியே வந்துவிட்டது. உணரி அமுங்கவில்லை. பத்து விநாடி. வால்வு 'டிக்' என்று மூடியது. பொறி வெளிச் சட்டத்தின் மூன்று கப்பில், நாலடி உயரத்தில் அப்படியே நின்றது.

மகளுக்கு ஏமாற்றம். "மேல போகலையே தாத்தா," என்றாள்.

"விழுகலையே," என்றார் அப்பா. "நிக்கட்டும். நாளைக்குக் கப்பை ரெண்டு விரக்கடை தள்ளி வெச்சுப் பாக்கலாம்."

கம்பை ஊன்றிச் சுவர் அருகே போய், பொறிக்கு அடியில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். பம்பை நிறுத்தச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நிறுத்தினேன். வெற்றிடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கப்புகள் ஒவ்வொன்றாக விடுகிறவரை, நான்கு நிமிடத்துக்கு மேல், அவர் கையை எடுக்கவில்லை.